அலர்ட் வரலையா? சந்தோசம்தானே மருமகனே!

வா மருமகனே, உக்காரு. நீ எழுதின அலர்ட் புரோகிராமைப் பாத்தேன். அபாரம். ஒரே ஒரு மெத்தடு, அது தலைமேல ஒரே ஒரு அனோட்டேசன். உள்ள போனா, மெசின்கள்ல இருக்கிற ஏஜென்ட் அனுப்பின அளவையெல்லாம் டேபிள்ல எழுதுறே. எந்தெந்தக் கண்டிசன் பொருந்துதுன்னு ஒரு லூப் ஓட்டுறே. பொருந்தினதுக்கெல்லாம் அலர்ட் வரி எழுதுறே. போற போக்குல ஈமெயிலையும் தட்டி விட்டுறே. அம்புட்டும் ஒரே ட்ரான்சாக்சன்.

இதுல இருக்கிற சௌகரியம் உனக்கே தெரியாது. நடுவுல எங்கயாவது ஒண்ணு முறிஞ்சா எல்லாமே ரோல்பேக். அளவும் இல்லை, கண்டிசனும் இல்லை, அலர்ட்டும் இல்லை. காலையில மேனேஜர் வந்து, "ராத்திரி என்னப்பா நடந்துச்சு?"ன்னு கேட்டா, "ஒண்ணுமே நடக்கலை சார், டேபிளை நீங்களே பாருங்க"ன்னு மனசாட்சி குத்தாமச் சொல்லலாம். சர்வர் விடிய விடியச் செத்துக் கெடந்ததுக்குச் சாட்சியே கிடையாது. இம்புட்டு சுத்தமா வேலை செய்யிறவனை நான் எங்க கண்டேன்!

வீடு தீப்பிடிச்சிருச்சுன்னு ஓலை எழுதி, அதை அந்த வீட்டுக் கூரையிலயே சொருகி வெச்ச ஆளு நீ. வீடு எரிஞ்சா ஓலையும் எரியும். எரியாட்டி ஓலைக்கு வேலையே இல்லை.

சிரிக்காதே. ட்ரான்சாக்சன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லை. நானும் ஊருக்கு வந்து ஆட்டுக்குட்டி மேய்க்கிறதுக்கு முந்தி ஜாவாவுல ஈஜேபியைக் கட்டி மாரடிச்ச ஆளுதான். ஜிம் கிரேன்னு ஒரு அமெரிக்க மனுசன் 1981ல இந்த ட்ரான்சாக்சன் சமாச்சாரத்தை, அதோட பலம் எது, எல்லை எதுன்னு ரெண்டையும் சேர்த்து எழுதினாரு. 1998ல அவருக்கு டூரிங் விருது குடுத்தாங்க. 1983ல ஹார்டர், ராய்ட்டர்னு ரெண்டு ஜெர்மன்காரங்க ட்ரான்சாக்சனோட குணங்களுக்கு 'ஆசிட்'னு எழுத்துச் சுருக்கமாப் பேரு வெச்சாங்க. முழுசா நடக்கணும், இல்லாட்டி நடக்காததாவே ஆகணும். ஒரு கணக்குல பணம் குறைஞ்சு இன்னொரு கணக்குல ஏறாமப் போனா வங்கி நாறிரும், அதுக்கு வந்த வைத்தியம் இது. நீ அதைக் கொண்டாந்து, 'தப்பு நடந்துச்சு'ன்னு சொல்ற வாய்க்குத் தைச்சு விட்டுட்டே. கிரே 'எல்லை'ன்னும் எழுதினாரே, அந்தப் பக்கத்தை உங்க ஆளுங்க எவனும் பொரட்டினதாத் தெரியலை.

உன்னைச் சொல்லியும் குத்தமில்லை. ஈஜேபி 1998ல வந்தப்பவே, எந்த மெத்தடு எந்த ட்ரான்சாக்சன்ல ஓடணும்னு சொல்ற வசதியோடதான் வந்துச்சு. ஆனா அந்தக் காலத்துல அதை டிப்ளாய்மென்ட் விவரத்துல தனியா எழுதணும். எழுதுறப்ப கொஞ்சம் யோசிக்கவும் வேண்டி வரும். 2006ல ஈஜேபி 3 வந்து, அனோட்டேசன் போட்டாப் போதும், போடாட்டியும் போதும்னு ஆச்சு. ஒண்ணுமே போடலைன்னா 'ரிக்வயர்டு'. கூப்பிட்டவனுக்கு ட்ரான்சாக்சன் இருந்தா அதுலயே ஒட்டிக்கோ, இல்லாட்டிப் புதுசு ஒண்ணு தொடங்கு. மொத்தம் ஆறு வகை இருக்கு. மிச்சம் அஞ்சையும் நேர்முகத் தேர்வுல ஒப்பிக்கிறதோட சரி, ஆபீசுக்குள்ள அதுகளுக்கு வேலையே வெக்கிறதில்லை.

இப்ப உன் சாமர்த்தியத்துக்கு வருவோம். "நான்தான் ட்ரை-கேட்ச் போட்டிருக்கேனே மாமா"ம்பே. போட்டிருக்கே, பாத்தேன். அலர்ட் எழுதுறப்ப நீ கூப்பிட்ட இன்னொரு பீன்ல ரன்டைம் எக்செப்சன் வந்துச்சு, வெளியே பிடிச்சே, லாக்ல ஒரு வரி எழுதினே, அடுத்த கண்டிசனுக்குப் போயிட்டே. நீ பிடிச்சது எக்செப்சனை. ட்ரான்சாக்சனைப் பிடிச்சது கன்டெய்னரு. அந்த எக்செப்சன் பீனோட வாசலைத் தாண்டின கணமே, 'இது ரோல்பேக் மட்டும்தான்'னு ட்ரான்சாக்சன் மேல முத்திரை குத்தியாச்சு. அதுக்குப் பிறகு நீ நூத்துத்தொண்ணூறு கண்டிசனை ஒழுங்கா எழுதினாலும், கடைசியில கமிட்னு கேக்குறப்ப மொத்தமும் போயிரும். ஸ்பிரிங்ல எழுதுறவனுக்கும் இதே கதிதான். அங்க அதுக்கு 'அன்எக்ஸ்பெக்டட் ரோல்பேக்'னு பேரு வெச்சிருக்காங்க. எதிர்பாராததாம்! எனக்கு எல்லாம் எதிர்பார்த்ததாத்தான் தெரியுது.

இதுல போஸ்ட்கிரேஸ் இன்னும் கண்டிப்பு. ஒரு இன்செர்ட்டு யுனீக் கட்டுப்பாட்டுல இடிச்சுச்சுன்னு வெச்சுக்கோ, அந்த ட்ரான்சாக்சன் முடியிற வரைக்கும் அடுத்து நீ என்ன கேட்டாலும் காதுலயே போட்டுக்காது. சேவ்பாயின்ட் வெச்சிருந்தா அது வரைக்கும் பின்வாங்கலாம். நீ எங்க வெச்சே?

இதுக்கு நேர் எதிரான கூத்தும் இருக்கு. செக்டு எக்செப்சன் வந்தா ஈஜேபி ரோல்பேக் பண்ணாது. அது உன் வியாபார சமாச்சாரம், நீயே பாத்துக்கோன்னு விட்டுட்டுப் பாதி எழுதினதைக் கமிட் பண்ணிரும். ரோல்பேக் வேணும்னா அந்த எக்செப்சன் மேலயே எழுதி வெக்கணும். ஆக, அழிய வேண்டியது நிக்கும், நிக்க வேண்டியது அழியும். உங்க டீம்ல இதுக்குப் பேரு 'எப்பவாவது வர்ற பக்'.

சரி, அலர்ட்டுன்னு பொதுவாப் பேசினா நீ நழுவிருவே. ஒரு நெசக் கதையை எடுத்துக்குவோம். ஆர்எச்க்யூன்னு ஒரு திறந்த மூலக் கண்காணிப்பு மென்பொருள் இருந்துச்சு. ரெட்ஹாட்டும் ஹைபெரிக்கும் சேர்ந்து 2008ல வெளியில விட்டது. ஜேபாஸ் சர்வர்ல ஓடும். ஒவ்வொரு மெசின்லயும் ஒரு ஏஜென்ட் குந்திக்கிட்டு, சிபியு எம்புட்டு, மெமரி எம்புட்டுன்னு அளந்து சர்வருக்கு அனுப்பும். சர்வர் என்ன பண்ணும்? வந்த ஒவ்வொரு எண்ணுக்கும் டேட்டாபேசுல போயி கண்டிசனைத் தேடாது, தேடினா அன்னிக்கே படுத்திரும். கண்டிசனையெல்லாம் மெமரியில கேச்சா வெச்சிருக்கும். எண் வந்ததும் அங்கயே ஒப்பிட்டுப் பாக்கும். பொருந்துச்சுன்னா, 'இன்ன கண்டிசன் இன்ன நேரத்துல பொருந்துச்சு'ன்னு ஒரு சின்னச் செய்தியை ஜேஎம்எஸ் கியூவுல போட்டுட்டு அடுத்த எண்ணுக்குப் போயிரும். அலர்ட் எழுதுறது, மெயில் அனுப்புறது அம்புட்டும் கியூவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற மெசேஜ் டிரிவன் பீனோட பாடு. வேற த்ரெட், வேற ட்ரான்சாக்சன்.

இதுல என்ன லாபம்னு பாரு. ஒரு கண்டிசன் கோணலா இருந்து வெடிச்சாலும் ஏஜென்ட் அனுப்பின அளவுக்கு ஒரு சேதமும் இல்லை. மெயில் சர்வர் தூங்கினாலும் அளவு எழுதுறது நிக்காது. அந்த மென்பொருளுக்கு இப்ப வயசாகி, ஹாக்குலர்னு வேற ஒண்ணு அது இடத்துக்கு வந்துச்சு. ஆனா அது மோதிப் பாத்த சிக்கல் எதுவும் ரிடயர் ஆகலை. உன் மெத்தடுல இப்பவும் நல்லா சௌக்கியமா இருக்கு.

உடனே துள்ளுவியே, "அம்புட்டுதானே மாமா, 'ரிக்வயர்ஸ் நியூ' போட்டுட்டாப் போச்சு!"ன்னு. போடு ராசா. நானே அதைத்தான் சொல்ல வந்தேன். ஓடிக்கிட்டிருக்கிற ட்ரான்சாக்சனை ஒரு ஓரமா நிறுத்தி வெச்சுட்டு, புதுசு ஒண்ணைத் தொடங்கி, அதைத் தனியாவே கமிட் பண்ணிட்டுத் திரும்பி வரும். வெளியில இருக்கிறது செத்தாலும் உள்ள எழுதினது நிக்கும். ஆரக்கிள்காரன் இதே தேவைக்கு 8ஐ பதிப்புலயே 'அட்டானமஸ் ட்ரான்சாக்சன்'னு டேட்டாபேசுக்குள்ளயே வசதி செஞ்சு குடுத்தான். வேலை தோத்தாலும் பதிவு நிக்கணும்ங்கிற கவலை இன்னிக்கு நேத்து வந்ததில்லை.

போட்டியா? ஓடலையா? ஓடாது. ஏன்னா நீ அதை அதே கிளாசுலயே எழுதி, பக்கத்து மெத்தடுல இருந்து நேராக் கூப்பிட்டிருக்கே. அந்த அனோட்டேசனைப் படிக்கிறவன் வாசல்ல நிக்கிற பிராக்சி. வெளியில இருந்து வர்றவனை மட்டும்தான் அவன் பாப்பான். நீ உள்ளுக்குள்ளயே இந்த ரூமுல இருந்து அந்த ரூமுக்குப் போனா அவனுக்கு எப்படித் தெரியும்? அனோட்டேசன் அங்க அழகுக்கு இருக்கும், அம்புட்டுதான். கோட் ரிவ்யூல நாலு பேரு பாத்து, 'ஆகா, தனி ட்ரான்சாக்சன் போட்டிருக்கானே'ன்னு கையெழுத்தும் போட்டிருப்பாங்க. இன்னொரு பீனுக்கு அந்த மெத்தடை மாத்து. கொஞ்சம் டைப் அடிக்கணும். விரல் தேஞ்சிராது.

மாத்தினதுக்குப் பிறகுதான் விளையாட்டே ஆரம்பம்.

ஓரமா நிறுத்தி வெச்சதுன்னு சொன்னேன்ல, அந்த வெளி ட்ரான்சாக்சன் தன் கனெக்சனை விடாது. கையில பிடிச்சுக்கிட்டேதான் நிக்கும். உள்ள இருக்கிறதுக்கு இன்னொரு கனெக்சன் வேணும். ஆக, ஒரு த்ரெட்டுக்கு ரெண்டு. ஸ்பிரிங் பூட்ல 2018ல இருந்து ஹிக்காரிங்கிற கனெக்சன் பூல்தான் வழக்கம், மாத்தலைன்னா அதுல மொத்தம் 10 கனெக்சன். பத்து த்ரெட் ஒரே நேரத்துல உள்ள வந்து ஆளுக்கு ஒண்ணை எடுத்துருச்சு. இப்ப பத்து பேரும் ரெண்டாவது கேட்டு நிக்கிறாங்க. குடுக்க ஆள் இல்லை, விடவும் ஆள் இல்லை. 30 வினாடி எல்லாரும் முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னு, அப்புறம் வரிசையா டைம்அவுட். ஹிக்காரி எழுதினவங்களே இதுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்காங்க. ஒரு த்ரெட் ஒரே நேரத்துல பிடிக்கிற கனெக்சன்ல ஒண்ணைக் கழி, த்ரெட் எண்ணிக்கையால பெருக்கு, ஒண்ணைக் கூட்டு. பத்து த்ரெட், ஆளுக்கு ரெண்டுன்னா 11. உன்கிட்ட இருக்கிறது 10. ஒண்ணே ஒண்ணுதான் குறைச்சல், அதுக்கு மொத்த சர்வரும் நின்னுச்சு. அதுவும் எப்ப? எல்லா மெசினும் ஒண்ணாத் தவிக்கிறப்ப, எல்லா அலர்ட்டும் ஒண்ணா வர்றப்ப. சும்மா இருக்கிற நாள்ல டெஸ்ட் பண்ணிப் பாத்தா அப்சரஸ் கணக்கா ஓடும்.

இதை விடப் பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. வெளி ட்ரான்சாக்சன்ல அந்த மெசினோட நிலவர வரியை நீ அப்டேட் பண்ணிட்டே. கமிட் ஆகலை, பூட்டு அது கையில. உள்ள போன புது ட்ரான்சாக்சன், அலர்ட் எண்ணிக்கையை ஏத்தணும்னு அதே வரியைத் தொடுது. பூட்டு தொறக்கட்டும்னு காத்து நிக்கும். தொறக்க வேண்டியது யாரு? வெளியில இருக்கிறது. அது எதுக்குக் காத்து நிக்குது? உள்ள போனது திரும்பி வரட்டும்னு. நீயே உனக்காகக் காத்துக் கெடக்கே. "டேட்டாபேஸ் டெட்லாக்கைக் கண்டுபிடிச்சு ஒண்ணைக் கொன்னுருமே மாமா"ன்னு கேப்பே. கண்டுபிடிக்காது. டேட்டாபேஸ் கண்ணுக்கு ஒருத்தன் பூட்டுக்குக் காத்திருக்கான், இன்னொருத்தன் சும்மா உக்காந்திருக்கான். அவன் காத்திருக்கிறது உன் ஜாவா த்ரெட்டுக்குள்ள, அது டேட்டாபேசுக்குத் தெரியவா போகுது? போஸ்ட்கிரேஸ் 1 வினாடி கழிச்சு வட்டம் ஏதும் இருக்கான்னு தேடும், இல்லைன்னு திரும்பிப் படுத்திரும். அங்க பூட்டுக்குக் காத்திருக்க வரம்பு எதுவும் இயல்பா இல்லை. மைசீக்குவலா இருந்தா 50 வினாடியில அலுத்துப்போயி விட்டுரும்.

அப்புறம் யாருதான் காப்பாத்துவாங்க? வைல்ட்ஃப்ளை சர்வர்ல இருந்தா 'நாராயணா'தான். மெய்யாலுமே அதுதான் பேரு. அங்க ட்ரான்சாக்சனைக் கவனிக்கிற பகுதிக்கு நாராயணான்னு பேரு, முன்னாடி அர்ஜுனா. இங்கிலாந்து நியூகாசில் பல்கலைக்கழகத்துல 1980கள்ல ஆராய்ச்சியாத் தொடங்கி, 2005ல ஜேபாஸ் கைக்கு வந்தது. மாத்தலைன்னா 300 வினாடி பொறுக்கும், அப்புறம் அறுவடைக்காரன் வந்து வெட்டிருவான். ரீப்பர்னே பேரு. லாக்ல அர்ஜுனா 012117னு ஒரு வரி வரும். அஞ்சு நிமிசம் கழிச்சு நாராயணா வந்து காப்பாத்துறதுக்கு, நீ அந்த நிலவர வரியைத் தொடாமலே இருந்திருக்கலாம்.

ஒரு சின்ன விசயம், சொல்லிட்டுப் போயிர்றேன். உள்ள அனுப்புறப்ப மொத்த என்டிட்டியையும் தூக்கி அனுப்பாதே, ஐடியை அனுப்பு. அங்க பெர்சிஸ்டென்ஸ் கான்டெக்ஸ்ட் வேற. வெளியில கமிட் ஆகாத வரியோட ஐடியை அனுப்பிட்டு, 'ஏன் மாமா காணோம்'னு என்கிட்ட வந்து நிக்கவும் செய்யாதே.

இப்ப உக்காந்து கேளு, இதுதான் கரு. பிரிக்கிறதை எவனும் செஞ்சிருவான். பிரிச்ச ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்கணும்ல?

ஆர்எச்க்யூல ஒரு அலர்ட்டுக்குப் பல கண்டிசன் வெக்கலாம். ஏதாவது ஒண்ணு பொருந்தினா அடி, இல்லாட்டி எல்லாமே பொருந்தினாத்தான் அடி. முதல் வகையில வம்பு இல்லை. ரெண்டாவதுல பாரு. சிபியு 90க்கு மேலே, மெமரி 10க்குக் கீழே, ரெண்டும் சேர்ந்தா அலர்ட். ரெண்டும் ஒரே நேரத்துல பொருந்துச்சு. கியூவுல ரெண்டு செய்தி. ரெண்டு த்ரெட் ஆளுக்கு ஒண்ணை எடுத்துச்சு. முதல் த்ரெட் 'சிபியு பொருந்துச்சு'ன்னு எழுதிட்டு, மெமரி பொருந்தியிருக்கான்னு பாக்குது. இன்னொருத்தன் எழுதிட்டான், ஆனா கமிட் பண்ணலை. ரீட் கமிட்டட்ல அது கண்ணுக்குத் தெரியாது. 'இன்னும் இல்லை'ன்னு கிளம்பிருச்சு. ரெண்டாவது த்ரெட்டும் அப்படியே, 'சிபியு இன்னும் இல்லை'ன்னு கிளம்பிருச்சு. ரெண்டும் கமிட். டேபிள்ல இப்ப ரெண்டு கண்டிசனும் ஜம்முனு உக்காந்திருக்கு. அலர்ட் மட்டும் இல்லை. எந்த எக்செப்சனும் இல்லை, எந்த லாக் வரியும் இல்லை. ரெண்டு பேரும் தங்க வேலையைச் சரியாச் செஞ்சாங்க. இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி உன்னை உக்கார வெச்சா, பொண்ணு பாக்கப் போறதையே தள்ளிப் போட்டுருவே.

இதுக்கு வழி என்ன? எழுதுறதை ஒரு ட்ரான்சாக்சன்ல முடிச்சுக் கமிட் பண்ணிரு. அதுக்குப் பிறகு இன்னொரு ட்ரான்சாக்சன் தொடங்கி, எல்லாம் பொருந்திருச்சான்னு பாரு. இப்படிச் செஞ்சா கடைசியாக் கமிட் பண்ணினவன் கண்ணுக்கு ரெண்டும் கட்டாயம் தெரியும். 'தனித்தனி ட்ரான்சாக்சன்'னு பெரியவங்க சொன்னதோட உயிரு இங்கதான் இருக்கு மருமகனே. செத்தாலும் பதிவு நிக்கணும்னு மட்டும் பிரிக்கலை, அடுத்தவன் கண்ணுல படணும்னும் பிரிச்சாங்க.

படுது. ரொம்பவே படுது. ரெண்டு பேரும் எழுதிக் கமிட் பண்ணிட்டு, ரெண்டு பேரும் பாக்குறாங்க. ரெண்டு பேருக்குமே ரெண்டும் தெரியுது. ரெண்டு பேரும் அலர்ட் அடிச்சிட்டாங்க. முன்னாடி ஒண்ணும் வரலை, இப்ப ரெண்டா வருது. சராசரி எடுத்தா சரியாத்தான் இருக்குன்னு உங்க மேனேஜர்கிட்டச் சொல்லிப் பாரேன்.

அதனால பாக்குற கட்டத்துல ஒரு பூட்டு வேணும். அந்த அலர்ட்டோட வரையறை வரியை 'செலக்ட் ஃபார் அப்டேட்'னு பிடி. முதல்ல வந்தவன் பாத்து, அடிச்சு, கண்டிசன் பதிவுகளை 'கணக்குத் தீர்ந்தது'ன்னு குறிச்சுட்டுக் கமிட் பண்ணுவான். அடுத்தவன் உள்ள வந்து பாத்தா மிச்சம் ஒண்ணும் இருக்காது, பேசாமப் போயிருவான். ஒண்ணு கவனிச்சுக்கோ, பூட்டுறதுதான் அந்த ட்ரான்சாக்சன்ல முதல் வேலையா இருக்கணும். மைசீக்குவலோட இன்னோடிபி மாத்தலைன்னா ரிப்பீட்டபிள் ரீடுல ஓடும். சும்மா ஒரு தடவை வாசிச்சுட்டு அப்புறம் பூட்டினே, வாசிச்ச நேரத்துப் பழைய நிலவரத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். பூட்டெல்லாம் போட்டும் ஏமாந்து நிப்பே.

பூட்டு வேண்டாம்னா, 'இன்னும் அடிக்கலைன்னா அடிச்சதா மாத்து'ன்னு ஒரே அப்டேட்டாப் போட்டு, எத்தனை வரி மாறுச்சுன்னு பாரு. 1 வந்தா நீ அடி, 0 வந்தா அடுத்தவன் அடிச்சிட்டான். போஸ்ட்கிரேஸ் 2011ல 9.1 பதிப்புல சீரியலைசபிளை ஒழுங்காச் செஞ்சிருச்சு, அதையும் வெக்கலாம். ரெண்டு பேருல ஒருத்தனைத் தள்ளிரும். தள்ளினவன் மறுபடி முயற்சி பண்ணணும். அந்த மறுமுயற்சியை நீ எழுதியிருப்பேன்னு நான் நம்புறேன். நம்புறதுல என்ன செலவு?

இன்னொரு பக்கம் இருக்கு. எல்லா அலர்ட்டையும் தனியாக் கமிட் பண்ணிராதே. ஆர்வக்கோளாறுல அதையும் செய்வே, தெரியும். ஒவ்வொரு அலர்ட்டையும் பாத்து ஒரு கேள்வி கேளு. வேலை ரோல்பேக் ஆனா இந்த அலர்ட் பொய்யாகுமா, இல்லை மெய்யாவே நிக்குமா? சிபியு 95 போச்சுன்னு ஏஜென்ட் சொன்னான், நீ அதை எழுத முடியாம ரோல்பேக் பண்ணினே. சிபியு சூடாகித்தான் இருந்துச்சு. அது தனியா நிக்க வேண்டிய அலர்ட். ஒருத்தன் தன் வரம்பை மீறி பெரிய ஆர்டர் போட்டான், அலர்ட் கிளம்புச்சு, அப்புறம் அந்த ஆர்டரே ரோல்பேக் ஆயிருச்சு. இப்ப இல்லாத ஆர்டருக்கு அலர்ட்! தணிக்கைக்காரன் வந்து ஆர்டர் எங்கம்பான். நீ உள்பாக்கெட்டுல தேடுவே.

ரெண்டாவது வகைக்கு, வேலை கமிட் ஆனதுக்குப் பிறகு கிளம்புற ஏற்பாடு இருக்கு. சிடிஐல நிகழ்ச்சியைக் கவனிக்கிறவனுக்கு, வெற்றிக்குப் பிறகா, தோல்விக்குப் பிறகா, எதுவானாலும் முடிஞ்ச பிறகான்னு சொல்லி வெக்கலாம். தோல்விக்குப் பிறகுன்னு ஒண்ணு இருக்குன்னே உங்க ஆளுங்க பாதிப் பேருக்குத் தெரியாது, அலர்ட்டுக்கு அதை விட வாகான இடம் எது? ஸ்பிரிங்ல 4.2 பதிப்புல இருந்து, 2015லயே, இது மாதிரி ஒரு லிசனர் உண்டு. ரெண்டு சூது அதுல. ட்ரான்சாக்சனே இல்லாத இடத்துல இருந்து நிகழ்ச்சியைக் கிளப்பினா, தனியாச் சொல்லி வெக்காட்டி, சத்தமில்லாமக் கீழ போட்டுரும். கமிட்டுக்குப் பிறகு டேட்டாபேசுல எழுதணும்னா அதுக்குப் புது ட்ரான்சாக்சன் கேக்கணும், பழசு முடிஞ்சு போச்சு. கேக்காம எழுதினா எழுதின மாதிரியே இருக்கும், எழுதியிருக்காது. கமிட்டுக்கும் இதுக்கும் நடுவுல சர்வர் விழுந்தாலும் அலர்ட் போச்சு. அது பொறுக்காதுன்னா, வேலையோட அதே ட்ரான்சாக்சன்ல 'அனுப்ப வேண்டியது'ன்னு ஒரு டேபிள்ல வரி எழுது, இன்னொருத்தன் வந்து அதை எடுத்து அனுப்பட்டும். அவுட்பாக்ஸ்ம்பாங்க.

மெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. ட்ரான்சாக்சனுக்குள்ள நின்னு மெயில் அனுப்புறியே, அது போனாப் போனதுதான், அதுக்கு ரோல்பேக் கிடையாது. ரோல்பேக் ஆனதும் 'முந்தின மெயிலைப் பொருட்படுத்த வேண்டாம்'னு இன்னொரு மெயில் அனுப்புறதுதான் உன் திட்டமா? மெயில் சர்வர் மூச்சுத் திணறினா அது வரைக்கும் டேட்டாபேஸ் பூட்டும் கனெக்சனும் உன் கையில. அந்த மெத்தடை 'நாட் சப்போர்ட்டட்'னு போட்டு ட்ரான்சாக்சனுக்கு வெளியில வை. ஆனா அதைக் கூப்பிடுறதும் ட்ரான்சாக்சன் முடிஞ்ச பிறகா இருக்கட்டும். இல்லாட்டி வெளியில இருக்கிறது பூட்டைப் பிடிச்சுக்கிட்டே ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும்.

கியூ வெச்சாத் தப்பிச்சோம்னு நெனைச்சியா? கியூவும் டேட்டாபேசும் ஒரே எக்ஸ்ஏ ட்ரான்சாக்சன்ல இருந்தா, வேலை ரோல்பேக் ஆகுறப்ப செய்தியும் ரோல்பேக். மறுபடியும் கூரையோட போச்சு. கமிட் ஆனாலும், ரெண்டு கட்டக் கமிட்ல கியூ முந்திக்கிட்டா, அந்தப் பக்கம் பீன் செய்தியை எடுத்து டேபிளைப் பாக்குறப்ப வரி இன்னும் வந்திருக்காது. வரலைன்னதும் 'தப்பான செய்தி'ன்னு தூக்கி எறிஞ்சிராதே. எக்செப்சன் விட்டு, திரும்ப வரட்டும்னு கியூவுக்கே அனுப்பு. திரும்பி வர்ற செய்தின்னா ஒரே செய்தி ரெண்டு தடவையும் வரும். செய்திக்கு ஒரு அடையாள எண் குடுத்து யுனீக் கட்டுப்பாடு வெச்சுக்கோ.

ஒரு செய்தி அடியோட கெட்டுப்போனதா இருந்தா? ஆர்டெமிஸ் கியூவுல மாத்தலைன்னா 10 தடவை குடுத்துப் பாக்கும். பத்தும் தோத்தா, டெட் லெட்டர் கியூன்னு ஒண்ணு அமைச்சிருந்தா அதுல போட்டுரும், அமைக்கலைன்னா தூக்கிப் போட்டுரும்.

சரி, இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய். அஞ்சு கண்டிசன் பொருந்துற மாதிரி ஒரு அறிக்கையை அனுப்பு. மூணாவதுல வேணும்னே ஒரு ரன்டைம் எக்செப்சனை விடு. டேபிள்ல நாலு வரி நிக்குதான்னு எண்ணு. அப்புறம் எல்லாம் சேர்ந்தா அடிக்கிற வகையில ரெண்டு கண்டிசனை ஒரே நேரத்துல ரெண்டு த்ரெட்டுல விடு, நடுவுல ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் தூங்க வை. ஒரே ஒரு அலர்ட் வருதான்னு பாரு. பூலை 2ஆக் குறைச்சுட்டு மறுபடி ஓட்டு. என்ன ஆகுதுன்னு எனக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம், நீ மூச்சு விடுறதுலயே தெரிஞ்சிரும்.

அப்புறம் அந்த டெட் லெட்டர் கியூவை உங்க ஆபீசுல யாரு பாக்குறா? யாருமா? சரி, அதுல செய்தி சேர்ந்தாச் சொல்றதுக்கு ஒரு அலர்ட் வை. வெக்கிறதுதான் வெக்கிறே, அதையும் இதே மெத்தடுக்குள்ள வெச்சிராதே ராசா.